ரைஜெலின் துணை விண்மீன் தெரியவில்லை

வணக்கம். கடலூர் தேவனாம்பட்டினத்தில் எங்கள் மொட்டை மாடியிலிருந்து மூன்று வாரமாக முயல்கிறேன். ஓரியன் விண்மீன் கூட்டத்தின் காலாக ஒளிரும் ரைஜெலுக்குச் சுமார் 9.5 விகலை (ஒரு பாகையின் 3,600-இல் ஒரு பங்கே ஒரு விகலை) தள்ளி ஒரு மங்கலான துணை விண்மீன் உண்டு, 150 மி.மீ. வாயும் (ஒளி நுழையும் விட்டம்) 1,200 மி.மீ. குவியத் தொலைவும் கொண்ட, கண்ணாடிகளால் ஆன என் நியூட்டோனியன் தொலைநோக்கியில் அது தெரிந்திருக்க வேண்டும், ஆனால் ஒருமுறைகூட அகப்படவில்லை.

கண்ணாடிகளை நேர்ப்படுத்தினேன், குழாயை ஒரு மணி நேரம் வெளியில் குளிரவிட்டேன், பார்லோ என்னும் உருப்பெருக்க வில்லை சேர்த்து 240 மடங்கு வரை பெரிதாக்கினேன். அதே இரவில் மிதுனத்தின் இரட்டை விண்மீன் காஸ்டர் இரண்டாகத் தெளிவாகப் பிரிந்தது என்பதால் கண்ணாடியில் குறையில்லை என்றே கருதுகிறேன். ரைஜெல் உச்சத்தில் நிற்கும் ஒன்பது மணிக்கோ, நீலவெண் ஒளி கொதிக்கும் பாலாகப் பொங்குகிறது, சிறு கண்ணாடியின் தாங்கிகளால் விண்மீனைச் சுற்றித் தெரியும் நான்கு ஒளிக் கூர்முனைகளும் நடுங்குகின்றன, ஐபீசில் (கண் வைத்துப் பார்க்கும் வில்லையில்) பனி படிகிறது.

துணை விண்மீன் இருக்கும் தென்தென்மேற்குத் திசையிலிருந்து கூர்முனை விலகும்படி குழாயைச் சுழற்றுவதா, வாயைச் சிறிதாக்குவதா, இந்தக் கடற்கரைக் காற்றில் எது பலன் தரும்?