இங்கிலாந்து கால்பந்தின் ஆரம்பகாலக் கறுப்பின வீரர்கள்: பலகையில் யாரை முதல் ஆள்னு போடுவது?

வண்ணாரப்பேட்டை விங்:
அண்ணாச்சிமாருக்கும் டீச்சர்மாருக்கும் வணக்கம். ஆனி மாசம் பாளையங்கோட்டையில் நடக்கிற பள்ளிக்கூடக் கால்பந்துப் போட்டியில், பந்தலுக்குப் பக்கத்தில் ஆறு பலகை வைக்க இடம் கிடைத்திருக்கிறது. இங்கிலாந்து கால்பந்தில் முதலில் ஆடிய கறுப்பின வீரர்களைப் பற்றி வைக்கலாம்னு முடிவு. தேடினால் ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு பெயர் வருது. ஆர்தர் வார்ட்டன்தான் முதல் ஆள்னு ஒன்று, ஆண்ட்ரூ வாட்சன்னு ஒன்று, வால்டர் டல்னு இன்னொன்று. விவ் ஆண்டர்சன்தான்னு ஒருத்தர் அடிச்சுச் சொல்றார். எதை எழுதினால் தப்பு வராது? ஆறு பலகையை எப்படிப் பிரிக்கலாம்? எட்டாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை பிள்ளைகள் படிக்கப் போறாங்க.

குறுக்குத்துறை பேக்:
தம்பி, இதில் மூணு பேர் முதல் ஆள்தான், ஆனால் மூணும் வேற வேற முதல்; டல் மட்டும் முதல் சிலரில் ஒருவர். எதில் முதல்னு சொல்லாமல் எழுதினால் எல்லாமே தப்பாகிடும்.

வாட்சன்: சர்வதேசப் போட்டியில் ஆடிய முதல் கறுப்பின வீரர். ஆடியது ஸ்காட்லாந்துக்கு, இங்கிலாந்துக்கு இல்லை. வார்ட்டன்: சம்பளம் வாங்கி ஆடிய முதல் கறுப்பினத் தொழில்முறை வீரர், கோலி (கோல்கீப்பர்). டல்: முதல் டிவிஷனில் (அன்றைய லீக்கின் உச்சப் பிரிவு) கோலியாக இல்லாமல் களத்தில் ஆடிய முதல் சில கறுப்பின வீரர்களில் ஒருவர். ஆண்டர்சன்: இங்கிலாந்தின் முழு சர்வதேசப் போட்டியில் ஆடிய முதல் கறுப்பின வீரர், 29-11-1978, வெம்ப்ளி, செக்கோஸ்லோவாக்கியாவுக்கு எதிராக, 1-0. இந்த அடைமொழிகளில் ஒன்றைக்கூட விடாதீங்க.

வாட்சனுக்கு ஒரு முழுப் பலகை கொடுக்கலாம். 1856-ல் பிரிட்டிஷ் கயானாவில் பிறந்தவர். அப்பா ஸ்காட்லாந்துக்காரர், சர்க்கரைத் தோட்டப் பணம். அம்மா ஹன்னா ரோஸ் உள்ளூர்ப் பெண். ஹாலிஃபாக்ஸிலும் லண்டனிலும் பள்ளிப் படிப்பு, பிறகு கிளாஸ்கோ பல்கலைக்கழகம். 12-3-1881 அன்று லண்டன் ஓவல் மைதானத்தில் ஸ்காட்லாந்துக்குக் கேப்டனாக இறங்கினார். இங்கிலாந்து 1, ஸ்காட்லாந்து 6. சொந்த மண்ணில் இங்கிலாந்து வாங்கிய மிகப்பெரிய தோல்வி இன்றைக்கும் அதுதான். ஆடிய சர்வதேசப் போட்டி மொத்தம் மூன்று, மூன்றிலும் வெற்றி. அப்புறம் ஏன் ஆடவில்லைன்னு பிள்ளைகள் கண்டிப்பாகக் கேட்பாங்க. 1882-ல் அவர் லண்டனுக்குக் குடிபோனார். ஸ்காட்லாந்துக்குள் இருப்பவர்களை மட்டுமே அணியில் எடுப்பது அப்போதைய வழக்கம். இந்தக் காரணத்தை எழுதாவிட்டால் நிறத்தால் நீக்கினாங்கன்னு படிக்கிறவங்களே முடிவு கட்டிடுவாங்க. வாட்சன் விஷயத்தில் அது பொருந்தாது.

வார்ட்டன் 1865-ல் இன்றைய கானாவின் அக்ராவில் பிறந்தவர். அப்பா வெஸ்லியன் மிஷனரி; மகனும் ஊழியத்துக்குப் படிக்கத்தான் இங்கிலாந்து வந்தார். மிஷன் போர்டிங் படிப்பு என்னன்னு பாளைப் பிள்ளைகளுக்கு யாரும் விளக்க வேண்டாம். ஓட்டத்தில்தான் முதலில் பெயர் வந்தது: 1886-ல் ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜில் 100 கெஜத்தை 10 விநாடியில் ஓடி தேசியப் பட்டம் வாங்கினார், அடுத்த வருஷமும் அவருக்குத்தான். பிரஸ்டன் அணிக்குக் கோலியாக நின்று 1886-87 எஃப்.ஏ. கோப்பையில் (இங்கிலாந்து கிளப்புகளின் நாக்-அவுட் போட்டி) அரையிறுதி வரை போனார். 1889-ல் ராதர்ஹாம் டவுனில் சேர்ந்து தொழில்முறை வீரர் ஆனார்.

இங்கே அடிக்கடி நடக்கிற பிழை: பிரஸ்டன் 1888-89-ல் தோற்காமலே லீக்கை ஜெயித்த அணியில் அவரையும் சேர்த்து எழுதிடுவாங்க. அதற்கு முன்னாடியே அவர் விலகிட்டார். முதல் டிவிஷனில் அவர் ஆடியது ஒரே ஆட்டம், 1895-ல் ஷெஃபீல்டு யுனைடெட்டுக்காக, சண்டர்லாந்துக்கு எதிராக.

அவர் ஆட்டத்தைச் சொல்லும்போது அன்றைய விதியையும் ஒரு வரியில் சேருங்க. கோலி தன் பாதி மைதானம் முழுக்கப் பந்தைக் கையால் தொடலாம். பெனால்டி பெட்டிக்குள் மட்டும்னு மாற்றியது 1912-ல்தான். ஃபார்வேர்டுகள் கோலியை உடம்பால் மோதித் தள்ளுவதும் அப்போது சகஜம். அதனால் பந்தைப் பிடித்து வைத்திருப்பதைவிட முஷ்டியால் குத்தி விரட்டுவது பிழைக்கிற வழி, வார்ட்டன் அதில் கெட்டிக்காரர். குறுக்குக் கம்பத்தைப் பிடித்துத் தொங்கி, பந்தைக் கால்களுக்கு நடுவில் பிடித்து, பாய்ந்து வந்த மூன்று ஃபார்வேர்டுகளை வலைக்குள்ளேயே விழ வைத்தார்னு ஒரு கதை உண்டு. அது 1942-ல் ஷெஃபீல்டு பத்திரிகைக்கு ஒரு வாசகர் எழுதிய கடிதத்தில் வந்தது, ஆட்டம் நடந்து பல பத்தாண்டு கழித்து. போடலாம், ஆனால் கடிதத்தில் வந்ததுன்னு சொல்லிப் போடணும்.

கடைசிக் காலத்தில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்து 1930-ல் இறந்தார். கல்லறைக்குக் கல் வைத்தது 1997-ல்.

சாந்திநகர் டீச்சர்:
டல் பலகையில்தான் தப்பு அதிகம் வரும், கவனம். 1888-ல் ஃபோக்ஸ்டனில் பிறந்தவர், அப்பா பார்படோஸ்காரர், தச்சர். பெற்றோர் இருவரும் இறந்தபின் லண்டனில் மெதடிஸ்ட் அநாதை இல்லத்தில் வளர்ந்தார். 1909-ல் டாட்டன்ஹாம். அங்கே முதல் டிவிஷனில் 10 ஆட்டம், 2 கோல். அந்த அக்டோபரில் பிரிஸ்டலில் கூட்டத்தின் ஒரு பகுதி அவரை நிறத்தைச் சொல்லி ஏசியது, அன்றைய பத்திரிகை நிருபரே அதைக் கண்டித்து எழுதினார். 1911-ல் நார்தாம்டனுக்கு மாறி 100-க்கு மேல் ஆட்டம் ஆடினார். நார்தாம்டன் அப்போது சதர்ன் லீக் அணி, அது வேறொரு லீக். அந்த எண்ணிக்கையை முதல் டிவிஷன் ஆட்டங்களோடு கூட்டிடாதீங்க.

'பிரிட்டிஷ் ராணுவத்தின் முதல் கறுப்பின அதிகாரி'ன்னு எழுதுவதைத் தவிருங்க. டல் அதிகாரியானது 1917 மே மாதம். ஜமைக்காவில் பிறந்த ஜார்ஜ் பெமண்ட் 1915-லேயே பீரங்கிப் படையில் அதிகாரி ஆகிட்டார். 'முதல் சிலரில் ஒருவர்' போதும். ஐரோப்பிய வம்சம் இல்லாதவர்களை அதிகாரியாக்கத் தடையாக இருந்த ராணுவக் கையேட்டையும் மீறி அவர் அந்த இடத்துக்கு வந்தார், அதைச் சொன்னாலே பிள்ளைகளுக்குக் கனம் புரியும். 25-3-1918 அன்று பிரான்சில் போரில் இறந்தார். உடல் கிடைக்கவில்லை, பெயர் அராஸ் நினைவுச் சுவரில் இருக்கிறது. கல்லறைப் படம்னு எதையாவது எடுத்துப் போட்டுடாதீங்க.

தச்சநல்லூர் ஃபார்வேர்டு:
ஜாக் லெஸ்லியை யாருமே சொல்லலையே! என்னைக் கேட்டால் நடுப்பலகை அவருக்குத்தான். வாட்சனுக்குப் பணம் இருந்தது, வார்ட்டனுக்குக் கால் வேகம் இருந்தது. லெஸ்லிக்கு எல்லாத் தகுதியும் இருந்தும் கதவு சாத்தப்பட்டது.

1901-ல் லண்டன் கேனிங் டவுனில் பிறந்தவர், அப்பா ஜமைக்காக்காரர். 1921 முதல் 1934 வரை பிளிமத் ஆர்கைல், 400-ஐ ஒட்டிய ஆட்டங்கள், 137 கோல். இடது உள்பக்க ஃபார்வேர்டு. 1925-ல் பெல்ஃபாஸ்டில் அயர்லாந்தோடு ஆட இங்கிலாந்து அணிக்குத் தேர்வானதாகத் தகவல் வந்தது, ஊரே கொண்டாடியது. பிறகு பெயர் மாயமானது. தேர்வாளர்கள் நிறத்தைக் கேள்விப்பட்டதுதான் காரணம்னு லெஸ்லியே பின்னாளில் சொன்னார். பெல்ஃபாஸ்டில் அன்றைக்கு இங்கிலாந்து ஒரு கோல்கூடப் போடவில்லை, 0-0.

மூன்றாம் டிவிஷன் வீரரை எப்படித் தேசிய அணிக்கு எடுப்பாங்கன்னு யாராவது கேட்டால்: அந்த டிவிஷனில் ஒரே ஒரு அணிக்குத்தான் பதவி உயர்வு. பிளிமத் ஆறு வருஷம் தொடர்ந்து இரண்டாம் இடம் வந்து 1930-ல்தான் மேலே ஏறியது. கீழ் டிவிஷன்னா மட்டமான ஆட்டம்னு அர்த்தம் இல்லை. 2022-ல் பிளிமத் மைதானத்தில் சிலை, 2023-ல் இங்கிலாந்துத் தொப்பியை (தேசிய அணி வீரருக்குக் கொடுக்கும் கௌரவம்) குடும்பத்தாரிடம் கொடுத்தாங்க. அவர் 1988-லேயே இறந்துட்டார்.

1925-லிருந்து ஆண்டர்சன் வரை 53 வருஷம். அந்த இடைவெளியையே ஐந்தாம் பலகையாக வைங்க: 1965 எஃப்.ஏ. கோப்பை இறுதியில் லீட்ஸுக்கு ஆடிய தென்னாப்பிரிக்கர் ஆல்பர்ட் ஜோஹானசன், வெஸ்ட் ஹாமின் பெர்முடாக்காரர் கிளைட் பெஸ்ட். ஆறாவதில் ஆண்டர்சனும், வெஸ்ட் பிரோமின் ரெஜிஸ், கன்னிங்ஹாம், பேட்சன் மூவரும். அவங்க அணி 30-12-1978-ல் ஓல்டு டிராஃபோர்டில் மான்செஸ்டர் யுனைடெட்டை 5-3 ஜெயித்த ஆட்டத்தின் ஒளிப்பதிவில் கூட்டத்தின் ஏச்சு காதில் விழும்.

வண்ணாரப்பேட்டை விங்:
ரொம்ப நன்றி அண்ணாச்சி, டீச்சர். வாட்சன், வார்ட்டன், டல், லெஸ்லி, இடைவெளி, 1978. இப்படியே போறேன். ஃப்ளெக்ஸ் அடிக்கவா?

குறுக்குத்துறை பேக்:
ஆனியில் செங்கோட்டைக் கணவாய்க் காற்று பாளை வரைக்கும் வீசும், ஃப்ளெக்ஸ் பாய்மரம் மாதிரி உப்பிக் கிழியும். சன்போர்டில் (கெட்டியான நுரை அட்டை) மேட் வினைல் ஒட்டி வாங்குங்க, 3-க்கு 2 அடி, நாலு மூலையிலும் நடுவிலும் கட்டணும். பளபள லேமினேஷன் வேண்டாம், சாயங்கால வெயில் பட்டால் எழுத்து தெரியாது. தலைப்பு எழுத்து ஒரு அங்குல உயரம் இருந்தால் பத்தடியிலிருந்து படிக்கலாம். ஒரு பலகைக்கு 90 வார்த்தைக்கு மேல் போனால் எந்தப் பிள்ளையும் நிற்காது. பலகையின் நடு பிள்ளைகள் கண் மட்டத்துக்கு வரும்படி கட்டுங்க, பெரியவங்க குனிஞ்சு படிச்சுக்குவாங்க.

சாந்திநகர் டீச்சர்:
படத்துக்கு 1881 ஸ்காட்லாந்து அணிப் படம் தாராளமாகப் போடலாம், அவ்வளவு பழசு. லெஸ்லி சிலைப் படம் எடுத்தவருக்குச் சொந்தம், அனுமதி கேளுங்க. அச்சுக்குக் கொடுக்கும் முன் பெயர்களை ஒரே எழுத்தமைப்பில் வைங்க. ஒரு பலகையில் வார்ட்டன், இன்னொன்றில் வார்டன்னு வந்தால் இரண்டு ஆள்னு நினைச்சிடுவாங்க.