மறுமொழி: பிரேக் ‘ஃபேட்’ ஆவதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

குழும நண்பர்களுக்கு வணக்கம். நீண்ட இறக்கத்தில் சூடேறிய பிரேக் சற்று நேரம் பிடி குறைந்துபோவதை ஆங்கிலத்தில் ‘ஃபேட்’ என்கிறார்கள். நம் ஓட்டுநர் கையேட்டின் தமிழ் வரைவில் அதற்கு என்ன சொல் போடுவது என்ற கேள்விக்கு, இங்கே ஒருவர் எழுதியது:

> ‘ஃபேட்’ என்றால் மங்கல், ‘பிரேக்’ என்றால் தடை. ஆகவே ‘தடைமங்கல்’. ஓட்டுநர் கையேட்டில் இதையே போட்டுவிடலாமா?

வேண்டாம் என்பது என் கருத்து. ஆங்கிலத்தில் பூவுக்கும் சாயத்துக்கும் விளக்கொளிக்கும் பாட்டொலிக்கும் பிரேக்குக்கும் ஒரே வினை போதும். தமிழில் பூ வாடும், சாயம் வெளிறும், விளக்கு மங்கும், ஒலி தேயும், கத்தியின் கூர் மழுங்கும். எது எதனோடு சேரும் என்பது நம் காதுக்கே தெரியும். அதனால் ‘ஃபேட்’டுக்குத் தமிழ் என்ன என்று அகராதியில் தேடுவதை விட்டுவிட்டு, பிரேக் தமிழில் என்ன செய்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பிரேக் பிடிக்கிறது. பட்டறையில் கேட்டாலும் சாலையில் கேட்டாலும் ‘பிரேக் நல்லா பிடிக்குது’, ‘பிரேக் சரியா பிடிக்கல’ என்றுதான் சொல்வார்கள். ‘பிரேக் தடுக்கவில்லை’ என்று ஒருவர் வாயாலும் நான் கேட்டதில்லை. பிடி என்ன ஆகும்? தளரும்.

ஆகவே என் பரிந்துரை ‘பிடித்தளர்வு’.

இந்த ஒரு சொல்லுக்காக இவ்வளவு நீளமாக எழுத எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் குடும்பத்தோடு ஒரு மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். வண்டி நிறைய ஆள், பின்னால் சாமான். நான்காவது கியரிலேயே விட்டு, வளைவுக்கு வளைவு பிரேக்கைத் தொட்டுத் தொட்டு இறங்கினேன். பாதி வழியில் ஏதோ கருகுகிற வாடை வந்தது. முன்னால் போன லாரியிலிருந்து வருகிறது என்று நினைத்தேன். அடுத்த கொண்டையூசி வளைவில் பெடலை அழுத்தினால் அது கல் போல நிற்கிறது, வண்டியோ வேகம் குறையவில்லை. இரண்டு காலையும் வைத்து அழுத்தினேன். இரண்டாவது கியருக்குத் தள்ளி, மலைப்பக்கமாக ஒதுக்கி, எப்படியோ நிறுத்திவிட்டேன். சக்கரங்களிலிருந்து புகை வந்தது. முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். பிறகு பிரேக் ஒன்றுமே நடக்காதது போலப் பிடித்தது.

மறுநாள் பட்டறையில் காட்டினேன். ஓட்டிப் பார்த்துவிட்டு, ‘ஒண்ணும் இல்லைங்க சார், பிரேக் அருமையா பிடிக்குது’ என்றார் மெக்கானிக். அவர் சொன்னது உண்மை. சூடு ஆறிய பிரேக்கில் பார்க்க ஒன்றும் இல்லை. நடந்ததைச் சொல்ல என்னிடமும் சொல் இல்லை. ‘பிரேக் ஃபெயிலியர்’ என்றேன். அது ஃபெயிலியர் இல்லையே. ‘பிரேக் பிடிக்கல’ என்றேன், இப்போது பிடிக்கிறதே. உடைந்தும் போகாமல், கசிந்தும் போகாமல், சூட்டால் சற்று நேரம் மட்டும் பிடி குறைகிற இந்த நிலைக்குத் தனியாக ஒரு பெயர் இருந்திருந்தால், அந்தக் கருகல் வாடையை லாரியின் தலையில் கட்டியிருக்க மாட்டேன். அதனால்தான் ‘இது போன்ற நுட்பமான சொல்லெல்லாம் கையேட்டுக்குத் தேவையா’ என்று இங்கே ஒருவர் கேட்டதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

இனி பொருளுக்கு வருகிறேன், ஏனென்றால் பெயர் அதன்மேல்தான் நிற்க வேண்டும். 1,500 கிலோ எடையுள்ள கார் ஒன்று 1,000 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கிக் கீழே வந்து நிற்கிறது என்று வையுங்கள். சுமார் 1.47 கோடி ஜூல் ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். 30 டிகிரி செல்சியஸில் இருக்கும் 50 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கும் நிலைக்குக் கொண்டுவர அது போதும். காற்றும் டயர்களின் உருளலும் அதில் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மீதியை இன்ஜின் வாங்காவிட்டால் நான்கு சக்கரத்துப் பிரேக்குகள்தான் வாங்க வேண்டும். கார் இறங்க இறங்க அவை அந்தச் சூட்டைக் காற்றில் விட்டுக்கொண்டே இருக்கின்றன. வாங்குவது விடுவதை மிஞ்சும்போதுதான் சிக்கல்.

அப்படி மிஞ்சும்போது இரண்டு வெவ்வேறு காரியங்கள் நடக்கலாம். இந்த இழையில் நாம் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டிருக்கிறோம் என்று நினைக்கிறேன்.

முதலாவது, பேடில் நடப்பது. சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் என்ற தகட்டை இருபுறமும் நெருக்கிப் பிடிக்கும் உராய்வுக் கட்டைதான் பேட். பேடின் உராய்வுப் பொருளைச் சேர்த்துப் பிடித்து வைத்திருக்கும் பிசின் அளவுக்கு மீறிச் சூடானால் வாயுவாகப் பிரியும். அந்த வாயு பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே மெல்லிய படலமாக நிற்கும். பேடின் உராய்வே குறைந்தும் போகும். கால் கொடுக்கும் அழுத்தம் முழுதும் பேடுக்குப் போய்ச் சேருகிறது, ஆனால் அங்கே பிடி இல்லை. எனக்கு நடந்தது இதுதான். பெடல் கல் போல இருந்ததற்குக் காரணமும் இதுதான்.

இரண்டாவது, குழாயில் நடப்பது. பேடிலிருந்து சூடு பின்னால் ஏறி, காலிப்பருக்குள் (பேடை டிஸ்க்கின்மேல் அழுத்தும் பகுதி) இருக்கும் பிரேக் திரவத்தைக் கொதிக்க வைத்துவிடும். காலின் அழுத்தத்தைச் சக்கரம்வரை கொண்டுபோவது இந்தத் திரவம்தான். திரவம் அழுத்தினால் சுருங்காது. அதன் ஆவி சுருங்கும். காலின் அழுத்தமெல்லாம் ஆவியைச் சுருக்குவதிலேயே தீர்ந்துவிட, பெடல் பஞ்சு போல அமுங்கித் தரைவரை போகும். புதுத் திரவத்தில் இது எளிதில் நேராது. பிரேக் திரவத்தின் தர வகைகளில் டாட் 3 வகைக்கு உலர் கொதிநிலை, அதாவது ஈரம் சேராத நிலையில் கொதிக்கும் வெப்பநிலை, குறைந்தது 205 டிகிரி செல்சியஸ், டாட் 4-க்கு 230. ஆனால் இந்த கிளைகால் வகைத் திரவங்கள் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும். 3.7 விழுக்காடு தண்ணீர் சேர்ந்த நிலையில் வைக்கப்பட்ட வரம்பு டாட் 3-க்கு 140, டாட் 4-க்கு 155 மட்டுமே. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திரவத்தை மாற்று என்று பல கையேடுகள் சொல்வது இதனால்தான். வண்டி கொஞ்ச தூரம்தான் ஓடியிருக்கிறது, எதற்கு மாற்ற வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. வண்டி ஓடிய தூரத்தைப் பார்த்து ஈரம் சேர்வதில்லை.

ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘ஃபேட்’ என்றே சொல்லிவிட்டு, வேண்டுமானால் முன்னால் ஓர் அடைமொழி போடுகிறார்கள். நாமும் அதே போல ஒரு சொல்லுக்குள் இரண்டையும் திணிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. முதலாவதற்குப் ‘பிடித்தளர்வு’, இரண்டாவதற்கு ‘மிதித்தொய்வு’ என்று வைக்கலாமே. மிதி என்பது பெடல். கயிறு தொய்கிறது, கட்டில் தொய்கிறது; அழுத்தினால் எதிர்த்து நிற்காமல் இறங்கிப்போவதற்குத் தொய்வைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. இரண்டும் வினையாகவும் நிற்கின்றன: ‘பிடி தளர்ந்தது’, ‘மிதி தொய்ந்தது’. தடைமங்கலை வைத்து இப்படி ஒரு வாக்கியம் பேசிப் பாருங்கள், நாக்கில் நிற்காது.

புணர்ச்சி பற்றி:

> ‘பிடிதளர்வு’ என்று ஒற்று இல்லாமல் எழுதினால் என்ன? ‘பிடித்த’ என்று கண் தவறாகப் படிக்காது அல்லவா?

கண் தடுக்குவது உண்மைதான். ஆனால் பிடியினது தளர்வு என்று வேற்றுமைப் பொருளில் வருவதால் ஒற்று மிக வேண்டும். ‘கருச்சிதைவு’ என்று எழுதுகிறோம், ‘கருசிதைவு’ என்று எழுதுவதில்லை. வினையாக வரும்போது ‘பிடி தளரும்’ என்று ஒற்றின்றியும் பிரித்தும் வரும். கையேட்டின் வாக்கியங்களில் பெரும்பாலும் வினை வடிவத்தையே பயன்படுத்துங்கள், தலைப்பிலும் சொல்லடைவிலும் மட்டும் பெயர் வடிவம் இருக்கட்டும். டயருக்கும் பிடி உண்டே, குழம்பாதா என்று கேட்ட நண்பருக்கு: டயரைப் பற்றிப் பேசும்போது ‘பிடிமானம்’ என்ற சொல் ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. ஈரச்சாலையில் டயருக்குப் பிடிமானம் போகும், சூட்டில் பிரேக்குக்குப் பிடி தளரும்.

‘பிரேக்’ என்ற சொல்லைத் தமிழாக்குவதா என்ற வழக்கை இங்கே நான் இழுக்கவில்லை. அது தமிழ்ச் சொல் போலவே உருபு ஏற்று நடமாடுகிறது.

ஆனால் கையேட்டின் வரைவில் ஒரு சொல்லை உடனே மாற்றியாக வேண்டும்: ‘பிரேக் எண்ணெய்’. பேச்சில் எல்லோரும் பிரேக் ஆயில் என்றுதான் சொல்கிறோம், நானும் அப்படித்தான் சொல்கிறேன். பட்டறைக்காரருக்கு எது என்று தெரியும் என்பதால் அங்கே ஆபத்து இல்லை. அச்சில் எண்ணெய் என்று படிக்கும் புது ஓட்டுநர், அளவு குறைந்திருப்பதைப் பார்த்து, கையில் இருக்கும் இன்ஜின் ஆயிலை ஊற்றிவிட்டால்? கனிம எண்ணெய் பட்டால் பிரேக்கின் ரப்பர்ச் சீல்கள் உப்பிக் கெட்டுவிடும். பிறகு தளர்வும் தொய்வும் இல்லை, உண்மையாகவே பிரேக் போய்விடும். ‘பிரேக் திரவம்’ என்றே எழுதுங்கள், பக்கத்துக்குப் பக்கம்.

அன்புடன்.

*

மறுநாள் மடல்

நண்பர்களே, நேற்று எழுதியதில் ஒரு பகுதியைத் திருத்திக்கொள்கிறேன். வண்டிப் பழுதுபார்ப்பு கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் இந்தக் குழுமத்தில் இருப்பது நம் பேறு. அவர் எழுதியிருப்பது:

> மிதி இறுகியும் பிரேக் சரியாகப் பிடிக்காததற்கு வெற்றிட பூஸ்டர் (காலின் அழுத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும் பகுதி) பழுதும் காரணமாகும். மிதி உள்ளே போவதற்குக் குழாயில் புகுந்த காற்று, கசிவு, சூட்டில் டிரம் விரிவது என்று பல காரணம். காலுக்குத் தெரிவதை மட்டும் வைத்துப் பெயர் சூட்டினால் மாணவர்கள் தவறான இடத்தில் பழுது தேடுவார்கள்.

முழுக்க ஒத்துக்கொள்கிறேன். டிரம் விரிவதை நான் மறந்தே போனேன். டிரம் வகைப் பிரேக்கில், சக்கரத்தோடு சுழலும் டிரம் என்ற உருளையை உள்ளிருந்து ஷூ என்ற கட்டைகள் அழுத்திப் பிடிக்கும். சூட்டில் டிரம் விரிந்து ஷூவிடமிருந்து விலகிப்போகும், எனவே மிதி கூடுதல் தூரம் போனால்தான் ஷூ டிரம்மைத் தொடும். அங்கே திரவம் கொதிக்கவும் இல்லை, பிசின் வாயுவாகவும் இல்லை. டிஸ்க்கில் இந்தத் தொல்லை கிடையாது. சூட்டில் டிஸ்க் தடித்தால் பேடை நோக்கித்தானே வரும்.

ஆகவே இப்படிச் செய்யலாம் என்று தோன்றுகிறது. ‘மிதித்தொய்வு’ என்பது காலுக்குத் தெரியும் அறிகுறியின் பொதுப்பெயராக மட்டும் நிற்கட்டும். அதன் உட்பிரிவுகளுக்குக் காரணத்தை முன்னால் வைப்போம். திரவம் கொதித்தால் ‘ஆவித்தொய்வு’. குழாயில் காற்றுப் புகுந்தால் ‘காற்றுத்தொய்வு’; ‘ஏர் பிடிச்சிருக்கு’ என்று பட்டறையில் சொல்வது இதைத்தான், இது காலையில் குளிர்ந்த வண்டியிலும் இருக்கும், சூட்டுக்காகக் காத்திருக்காது. டிரம் விரிவால் வருவது ‘விரிவுத்தொய்வு’. ஒரே வேரிலிருந்து கேட்டதும் புரிகிற மூன்று சொல் கிளைத்து வருவதைப் பார்த்தபோது எனக்கு மெய்யாகவே மகிழ்ச்சியாக இருந்தது. திரவம் கொதிப்பதற்கு நேற்று ஒருவர் கொடுத்த ‘ஆவியடைப்பு’ பிரேக்குக்கு ஒத்துவராது. எரிபொருள் குழாயில் ஆவி ஓட்டத்தை அடைக்கும், அங்கே அச்சொல் சரி. பிரேக் குழாயில் ஆவி எதையும் அடைப்பதில்லை, சுருங்கிக்கொடுக்கிறது.

பூஸ்டர் பழுதையும் பிடித்தளர்வையும் பெயரால் பிரிக்கத் தேவையில்லை, சோதனையால் பிரிக்கலாம். இன்ஜினை அணைத்துவிட்டு மிதி இறுகும்வரை நாலைந்து முறை அழுத்துங்கள். அழுத்திய காலை எடுக்காமல் இன்ஜினைக் கிளப்புங்கள். மிதி சற்றே கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. இறங்காவிட்டால் பூஸ்டரையோ அதன் வெற்றிடக் குழாயையோ பார்க்க வேண்டும். இதை ஒரு சிறு பெட்டியாகக் கையேட்டில் போட்டால் நல்லது.

கையேட்டின் மலையிறக்கப் பக்கத்துக்கு என் வரிகள் இவை, திருத்துங்கள்:

‘நீண்ட இறக்கத்தில் பிரேக்கைத் தொடர்ந்து மிதித்துக்கொண்டே வந்தால் சூட்டால் அதன் பிடி தளரும். கருகல் வாடை வந்தாலோ, வழக்கத்தைவிட அழுத்தி மிதிக்க வேண்டியிருந்தாலோ, அது பிடித்தளர்வின் தொடக்கம். குறைந்த கியருக்கு மாறி, பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, பிரேக் தானாகக் குளிரும்வரை காத்திருங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள். மிதி தொய்ந்து உள்ளே போனால், கிடைக்கிற அழுத்தத்துக்காக விட்டு விட்டு விரைவாக மிதித்தபடியே கியரைக் குறையுங்கள். அதன்பின் பிரேக் திரவத்தை மாற்றாமல் வண்டியை மலைக்குக் கொண்டுபோக வேண்டாம்.’

இன்னும் ஒரு சொல் பாக்கி. மேலே ‘குறைந்த கியருக்கு மாறி’ என்று சுற்றி வளைத்து எழுதியிருப்பதன் பெயர் ‘இன்ஜின் பிரேக்கிங்’, அதாவது குறைந்த கியரில் இன்ஜினே வண்டியின் வேகத்தைப் பிடித்து வைப்பது. எந்த கியரில் ஏறுவாயோ அந்த கியரில் இறங்கு என்று பழைய ஓட்டுநர்கள் சொல்லிக்கொடுப்பார்கள். எண்ணம் முழுதும் அதில் இருக்கிறது, பெயர்தான் இல்லை. ஊசியால் எரிபொருள் தெளிக்கும் இன்றைய இன்ஜின்களில், கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே பெரும்பாலும் எரிபொருள் தானாக நின்றுவிடுகிறது. ஆகவே மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் உருளவிடுபவருக்கு லாபமும் இல்லை, பிடியும் இல்லை. நான் ‘கியர்ப்பிடி’ என்று யோசித்து வைத்திருக்கிறேன். பிடிப்பது இன்ஜின்தானே, கியர் இல்லையே என்று ஆசிரியர் கேட்பார் என்றும் தெரிகிறது. தனி இழையாகத் தொடங்குகிறேன், அங்கே வாருங்கள்.