மிஸ்ரா, மஸ்ரா? அரபி தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். எகிப்து வரலாறு பற்றி ஒரு ஒலிப்பதிவு தயார் செய்கிறேன். நாட்டின் பெயரிலேயே நின்றுவிட்டேன்.

எகிப்து என்பது கிரேக்கம் வழியாக நமக்கு வந்த பெயர். அரபியில் அது மிஸ்ர். மிகப் பழைய சொல் இது. எகிப்தின் அமர்னாவில் கிடைத்த, கி.மு. 14ஆம் நூற்றாண்டின் களிமண் பலகைக் கடிதங்களிலேயே இதே வேர் இருக்கிறது. எபிரேயத்திலும் உண்டு, தமிழ் பைபிளில் நோவாவின் மகன் காம் என்பவரின் மகனாக வரும் மிஸ்ராயீம் அதுதான். ஊர் என்ற பொதுப் பொருளும் அரபியில் இதற்கு உண்டு.

சரி, உச்சரிப்புக்கு வருகிறேன். எழுத்து அரபியில் மிஸ்ர். ஆனால் எகிப்தியர்கள் பேச்சில் மஸ்ர் என்கிறார்கள், கெய்ரோவையும் அப்படியே அழைக்கிறார்கள். நடுவில் வரும் ஸாத் என்ற அரபி எழுத்து நம்முடைய ஸ் அல்ல, நாவின் பின்பகுதியை உயர்த்திச் சொல்லும் கனமான ஒலி. அந்தக் கனம்தான் இகரத்தை அகரமாக்கியதா?

கெய்ரோவில் வாழ்ந்தவர்கள், அரபி கற்பிப்பவர்கள் யாராவது இரண்டு வடிவங்களையும் நிதானமாகச் சொல்லி ஒரு குரல் பதிவு அனுப்ப முடியுமா? கடைசி ர் தனியாக ஒலிக்கிறதா என்பதும் தெரிய வேண்டும். ஒரு நாட்டு மக்களின் பெயரைத் தப்பாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.