தோட்டக் கமிட்டித் தலைவராகப் பெண் வர முடியாதா?

ஹட்டன் வாசகி:
இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிப்பவர்களில் மிகப் பெரும்பாலானோர் பெண்களாக இருந்தும், தொழிற்சங்கச் சந்தா அவர்களது சம்பளத்திலும் பிடிக்கப்பட்டும், எங்கள் தோட்டத்தில் துரையிடம் (தோட்ட நிர்வாகியிடம்) பேசப் போகும் சங்கத்தின் தோட்டக் கமிட்டித் தலைவர் எப்போதும் ஆணாகவே இருக்கிறார். பெண்களுக்கு மாதர் சங்கத் தலைவி பதவியோடு சரி. இதை எங்கிருந்து மாற்றத் தொடங்குவது?

பதுளை ஆசிரியர்:
சகோதரி, முதலில் கூட்டம் நடக்கும் நேரத்தைப் பாருங்கள். மாலையில் கொழுந்து நிறுவை முடிந்து லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீட்டுக்கு) வரும் பெண், அடுப்பைப் பற்றவைத்து, தண்ணீர் பிடித்து, பிள்ளைகளைக் கவனிக்கும் அதே வேளையில்தான் பல தோட்டங்களில் கமிட்டி கூடுகிறது. பிறகு, பெண்களுக்கு அக்கறையில்லை என்று சொல்வது பெரும் அநியாயம்.

நுவரெலியா நண்பர்:
முன்னோடிகள் நமக்கு உண்டு. மீனாட்சி அம்மாள் நடேசய்யர் தோட்டம் தோட்டமாகச் சென்று, பாட்டாலும் பேச்சாலும் தொழிலாளரைத் திரட்டியவர். ஆயினும் 2024 பொதுத் தேர்தலில்தான் மலையகப் பெண்களில் நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும் நாடாளுமன்றம் சென்றனர். உள்ளூராட்சி சபைகளில் 2018 தேர்தல் முதல் பெண்களுக்கு 25% ஒதுக்கீடு உள்ளது. ஆனால் பட்டியலில் வரும் பெண்ணைத் தெரிவு செய்வது கட்சி என்பதால், அவர் வாய் திறக்கத் தயங்குவதை நான் கண்டிருக்கிறேன். கமிட்டியில் பெண்களுக்குரிய இடத்தைச் சங்க யாப்பிலேயே (அதன் அமைப்பு விதிகளிலேயே) எழுதுவிக்க வேண்டும், தெரிவையும் தொழிலாளரே செய்ய வேண்டும்.

ஹட்டன் வாசகி:
நன்றி ஐயா. கூட்டத்தை ஞாயிறு காலைக்கு மாற்றுமாறு, காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் பெண்களிடம் கையெழுத்துத் திரட்டத் தொடங்குகிறோம்.