புதுப்பிப்பு: மருமகளின் மோகனம்
போன மாதம் கேட்டிருந்தேன்: கிளிநொச்சியில் கோயில் மேடையில் பாடின அக்காவின் மகளுக்கு மனம் நோகாமல் குறையை எப்படிச் சொல்வது? நீங்கள் சொன்னபடி ஒரே ஒரு குறையை மட்டும் பிடித்தேன்.

"குரல் நடுங்குது" என்று சொல்லவில்லை. "மேல் ஷட்ஜத்துக்குப் போக முன்னம் மூச்சு எங்க எடுக்கிறாய், பிள்ளை?" என்று கேட்டேன். மேல் ஷட்ஜம் என்றால் மேலே வரும் 'ஸ'.

யோசித்தாள். "எடுக்கிறதே இல்லை, மாமா."

அவள் பாடினது மோகன ராகம். அதில் மத்திமமும் ('ம') நிஷாதமும் ('நி') இல்லை. தைவதத்திலிருந்து ('த') நேரே மேல் ஷட்ஜத்துக்குத் தாவவேண்டும். மூச்சில்லாவிட்டால் சுருதி இறங்கத்தான் செய்யும். மூன்று கிழமை, விடிய வெள்ளன, சுருதிப்பெட்டியோடு அகார சாதகம் மட்டும், அதாவது 'ஆ' என்றே பாடிப் பழகுவது.

நேற்று வவுனியாவில் பாடினாள். சுருதி நின்றது! தாளம் போடும் கையையே குனிந்து பார்க்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. அதை இந்தக் கிழமை சொல்லமாட்டேன். இந்தச் சந்தோஷம் அவளுக்கு நாலு நாள் இருக்கட்டும்.