மகனுக்கு ஏஎல்டி 61, கூடவே வயிற்றுக் கோளாறு: எதிலிருந்து தொடங்குவது?

உட்லண்ட்ஸ் அம்மா
வணக்கம். மகனுக்கு 11 வயது, தொடக்கநிலை 5. உயரம் 146 செ.மீ., எடை 58 கிலோ. கழுத்தின் பின்புறம் கருத்துத் தடித்திருக்கிறது. ரத்தப் பரிசோதனையில் ஏஎல்டி (கல்லீரல் பாதிப்பைக் காட்டும் நொதி) 61. அறிக்கையில் உச்ச அளவு 55 என்று போட்டிருப்பதால் வீட்டில் "கொஞ்சம்தானே கூடுதல்" என்கிறார்கள். ஸ்கேனில் கல்லீரல் கொழுப்பு தெரிகிறது. சில மாதங்களாக வயிறு உப்புசம், அடிக்கடி இளக்கமாகப் போகிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா? அத்தை கீழாநெல்லிச் சாறும், குடலைச் சுத்தம் செய்யும் பொடியும் கொடுக்கச் சொல்கிறார். கொடுக்கலாமா?

ஈரல்நலம்
அக்கா, அந்த 55ஐ நம்பி இருக்காதீர்கள். சிறுவர் கல்லீரல் வழிகாட்டிகளில் ஆண்பிள்ளைக்கு உச்ச வரம்பு 26, பெண்பிள்ளைக்கு 22. உங்கள் மகனுடையது இரு மடங்குக்கும் மேல். மூன்று மாதம் தாண்டியும் 52க்குக் கீழே இறங்காவிட்டால் முழுமையாகப் பார்க்க வேண்டும். 80ஐத் தாண்டினால் மூன்று மாதம்கூடக் காத்திருக்கக் கூடாது.

முழுமையாக என்றால், பருமனைத் தவிர வேறு காரணம் இருக்கிறதா என்று தேடுவது. உடலில் செம்பு தேங்கும் வில்சன் நோய்க்கு செருலோபிளாஸ்மின் என்ற ரத்தப் பரிசோதனை; அதோடு ஹெபடைடிஸ் பி, சி, உடலின் எதிர்ப்பு சக்தியே கல்லீரலைத் தாக்கும் ஆட்டோஇம்யூன் ஹெபடைடிஸ், கோதுமைப் புரதம் குடலைப் பாதிக்கும் சீலியாக் நோய். குண்டான பிள்ளை என்பதாலேயே இவையெல்லாம் இருக்காது என்று ஆகிவிடாது. சீலியாக் நோயில் ஏஎல்டியும் ஏறும், வயிறும் இளகும். அதனால் இவனுக்கு அதைக் கேட்டு வாங்கிச் செய்யுங்கள். கழுத்துக் கருப்பு பெரும்பாலும் இன்சுலின் எதிர்ப்பின், அதாவது உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன், அடையாளம். தேய்த்துக் குளிப்பாட்டினால் போகாது. எச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை), வெறும் வயிற்றுச் சர்க்கரை, ரத்தக் கொழுப்பு மூன்றும் பார்க்க வேண்டும்.

இங்கே சிங்கப்பூரில் பலதுறை மருந்தகத்தில் பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு கேகே மருத்துவமனைக்கோ தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனைக்கோ போனால் மானியக் கட்டணம் கிடைக்கும்.

கீழாநெல்லி கல்லீரல் கொழுப்பைக் குறைக்கும் என்பதற்கு நல்ல சான்று இல்லை. மூலிகைப் பொடிகளாலேயே ஏஎல்டி ஏறுவதுண்டு. சீந்தில் பொடி சாப்பிட்டுக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி 2021இல் மும்பை மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். இப்போது எதையாவது கொடுத்தால், அடுத்த அறிக்கையில் எண் கூடினாலும் குறைந்தாலும் காரணம் புரியாது. அத்தையிடம் அதைச் சொல்லுங்கள், கேட்பார்.

குடல்பக்கம்
தொடர்பு உண்டு. குடலிலிருந்து வரும் ரத்தம் போர்ட்டல் நாளம் வழியாக நேரே கல்லீரலுக்குத்தான் போகிறது. இனிப்புப் பானத்தில் உள்ள ஃப்ரக்டோஸ் என்ற சர்க்கரை சிறிய அளவில் வந்தால் சிறுகுடலே பெரும்பகுதியைக் கையாண்டுவிடும் என்று எலி ஆய்வுகள் காட்டுகின்றன. ஒரே மூச்சில் அரை லிட்டர் இறங்கும்போது மீதி கல்லீரலுக்குப் போய்க் கொழுப்பாக மாறுகிறது. ஃப்ரக்டோஸ் தொடர்ந்து அதிகமாகப் போனால் குடற்சுவரின் செல்களுக்கு இடையிலான இணைப்பு தளர்வதை எலிகளில் காட்டியிருக்கிறார்கள். அந்த இடைவெளியில் பாக்டீரியா நச்சு கசிந்து கல்லீரலை எட்டும்போது அங்கே அழற்சி தூண்டப்படுகிறது.

உறிஞ்சப்படாத ஃப்ரக்டோஸ் பெருங்குடலுக்குப் போனால் நொதித்து உப்புசம், இளக்கம். பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையும் சிலருக்கு இதையே செய்யும். ஆகவே முதல் இரண்டு வாரம் பாக்கெட் பானம், பழச்சாறு எல்லாவற்றையும் நிறுத்துங்கள். பாலில் கை வைக்காதீர்கள். இரண்டையும் ஒன்றாக நிறுத்தினால் எது காரணம் என்று தெரியாமல் போய்விடும். இளக்கம் நிற்கவில்லை என்றால் அதன்பிறகு பாலை இரண்டு வாரம் நிறுத்திப் பாருங்கள்.

மலத்தில் ரத்தம், இரவில் எழுந்து போவது, காரணமில்லாமல் எடை குறைவது, உயரம் நின்றுபோவது: இதில் ஒன்று இருந்தாலும் இந்தச் சோதனையெல்லாம் வேண்டாம், உடனே மருத்துவரிடம் போங்கள். அவர் மலத்தில் கால்ப்ரொடெக்டின் (குடல் அழற்சியைக் காட்டும் புரதம்) பார்ப்பார். 50க்குக் கீழே என்றால் குடல் அழற்சி நோய்க்கு வாய்ப்பு குறைவு. 250க்கு மேல் என்றால் விடக் கூடாது. பருமனான பிள்ளைகளுக்கு இடைப்பட்ட அளவில் வருவதுண்டு. ஐபுபுரோஃபென் கொடுத்திருந்தாலும் ஏறும். குடல் சுத்தப் பொடிகள் பெரும்பாலும் பேதி மருந்துதான். ஏற்கெனவே இளகிப் போகிற பிள்ளைக்கு அது வேண்டவே வேண்டாம்.

உட்லண்ட்ஸ் அம்மா
நன்றி. கோலா வாங்குவதே இல்லை. ஆனால் காலையில் மைலோ, பள்ளி முடிந்ததும் ஒரு பாட்டில் பழச்சாறு, சாயங்காலம் தே தாரிக். பானப் பாட்டிலில் சர்க்கரை அளவைக் காட்டும் நியூட்ரி-கிரேடு எழுத்து இருக்கிறதே, அதில் 'பி' போட்டது வாங்கினால் போதுமா? வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் தேன்?

தேக்கா சமையல்
தங்கச்சி, நீங்கள் சொன்ன மூன்றும்தான் முதலில் போக வேண்டியவை.

நியூட்ரி-கிரேடில் 'பி' என்றால் 100 மில்லிக்கு 5 கிராம் வரை சர்க்கரை, 'சி' 10 கிராம் வரை, 'டி' அதற்கும் மேல். எழுத்தோடு பாட்டிலின் அளவையும் பாருங்கள். 'பி' போட்டதே 500 மில்லி குடித்தால் 25 கிராம், அதாவது ஐந்து தேக்கரண்டி வரை போய்விடும். பழச்சாறு "சர்க்கரை சேர்க்காதது" என்றாலும் கல்லீரலுக்கு வித்தியாசம் இல்லை. முழு ஆரஞ்சு கொடுங்கள், நாரோடு மெதுவாகப் போகும். தேன், பனங்கற்கண்டு, நாட்டுச் சர்க்கரை எல்லாம் அதே கணக்கு.

தே தாரிக்கில் கெட்டிப்பாலே இனிப்பு. பிள்ளைக்குத் தேநீரே அவசியமில்லை. வெளியே போனால் தண்ணீர் பாட்டில் கையில் இருக்கட்டும். மைலோ தூளிலேயே சர்க்கரை உண்டு, காலையில் வெறும் பால் கொடுத்தால் போதும். வாங்கி வைத்துவிட்டுக் "குடிக்காதே" என்பது பிள்ளைக்குக் கொடுமை. ஐஸ்பெட்டியில் யாருக்குமே இருக்கக் கூடாது, அப்பாவுக்கும் சேர்த்து.

இதில் பலன் உண்டா என்றால், 2019இல் வெளியான ஓர் ஆய்வில் 11 முதல் 16 வயதுப் பையன்கள் 40 பேரைப் பார்த்தார்கள். சேர்த்த சர்க்கரையைக் கிட்டத்தட்ட அறவே குறைத்தவர்களுக்கு எட்டே வாரத்தில் கல்லீரல் கொழுப்பு 25 சதவீதத்திலிருந்து 17க்கு இறங்கியது. வழக்கப்படி சாப்பிட்டவர்களுக்கு 21லிருந்து 20தான்.

பானம் ஒழுங்கான பிறகு தட்டுக்கு வாருங்கள். பாதித் தட்டு கீரை, காய். கால் தட்டு சோறு, கால் தட்டு பருப்பு, மீன் அல்லது முட்டை. நாரை ஒரேயடியாகக் கூட்டாதீர்கள், உப்புசம் மோசமாகும். வாரத்துக்கு ஒரு கரண்டி காய் கூடினால் போதும். பட்டினி போடாதீர்கள். வளர்கிற வயது, எடை 58இலேயே நின்று உயரம் ஏறினாலே அது முன்னேற்றம்.

ஈரல்நலம்
தினமும் ஒரு மணி நேரம் மூச்சு வாங்குகிற விளையாட்டு சேர்த்துக்கொள்ளுங்கள். வைட்டமின் ஈ, மெட்ஃபார்மின் இரண்டும் 2011 ஆய்வில் பிள்ளைகளின் ஏஎல்டியை நிலையாகக் குறைப்பதில் வெற்று மாத்திரையை மிஞ்சவில்லை. யாராவது சொன்னால் வாங்கிவிடாதீர்கள்.

மறுபரிசோதனைக்கு முந்தைய மூன்று நாள் கடும் உடற்பயிற்சி வேண்டாம், தசையிலிருந்தும் ஏஎல்டி வரும். காய்ச்சல் இருந்தால் தள்ளிப் போடுங்கள். அதே ஆய்வுக்கூடத்தில் எடுங்கள். ஸ்கேன் தெளிவாக வந்தாலும் கண்காணிப்பை நிறுத்தாதீர்கள், லேசான கொழுப்பு அதில் தெரியாமல் போகும்.