ஏப்னியா டெஸ்ட்: மூச்சின்மைச் சோதனையா, மூச்செழல் சோதனையா?

> பயிற்சி மருத்துவர் கையேட்டு வரைவில் ஏப்னியா டெஸ்ட்டை ‘மூச்சுத்திணறல் சோதனை’ என்று எழுதியிருக்கிறோம். சரிதானா?

வணக்கம். ‘திணறல்’ வேண்டவே வேண்டாம். மூச்சுக்குத் திணறுகிறவருக்கு, மூச்சை இயக்கும் மூளையின் அடிப்பகுதியான மூளைத்தண்டு வேலை செய்கிறது. மூளைச்சாவை உறுதிசெய்யும் இந்தச் சோதனையில் அந்த வேலை அறவே நின்றுவிட்டதா என்றுதான் பார்க்கிறோம்.

‘மூச்சின்மை’ அகராதிப்படி சரி. ஆனால் வெண்டிலேட்டரைக் கழற்றிவிட்டு மூச்சில்லாமல் வைத்துப் பார்ப்பது என்ற எண்ணத்தை அது தருகிறது. நடப்பது வேறு. முதலில் 10 நிமிடம் 100% ஆக்சிஜன். இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் 35–45 மி.மீ. பாதரசம் இருக்க வேண்டும். கருவியைக் கழற்றியதும் மூச்சுக்குழாய்க்குள் மெல்லிய குழாய் வழியே நிமிடத்துக்கு 6 லிட்டர் ஆக்சிஜன் ஓடும். இதை மிகுதியாகத் திறந்துவிட்டால் கார்பன் டை ஆக்சைடு அடித்துப்போய், அளவு ஏறாது; சோதனை வீண். 8–10 நிமிடம் மார்பையும் வயிற்றையும் திறந்து வைத்துப் பார்க்க வேண்டும். கடிகாரம் மட்டும் போதாது: தமனி இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் 60-ஐத் தொட்டிருக்க வேண்டும், அல்லது தொடக்க அளவைவிட 20 கூடியிருக்க வேண்டும். இந்த ஏற்றம்தான் மூச்சைத் தூண்டுவது; அவ்வளவு தூண்டியும் மூச்சு எழவில்லை என்பதே செய்தி. ஆகவே ‘மூச்செழாச் சோதனை’ என்கிறேன்.

> மூச்செழாச் சோதனை

பொருள் பிடித்திருக்கிறது, எதிர்மறைதான் இடிக்கிறது. முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. மூச்சு எழுந்துவிட்டால் என்ன எழுதுவது? ‘மூச்செழல் சோதனை’ ஆகட்டும்.

இன்னொரு லாபம் உண்டு. ‘ஏப்னியா பாசிட்டிவ்’ என்ற குறிப்பைப் பார்த்ததும், மூச்சு வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளும் பயிற்சி மருத்துவர்கள் உண்டு, பொருளோ நேர்மாறு. ‘மூச்சு எழுந்தது’, ‘மூச்சு எழவில்லை’ என்று எழுதினால் குழப்பமே இல்லை. உறுப்புக் கொடை பற்றிக் கேட்பதற்கு முன்பு குடும்பத்தாரிடமும் இதே சொல்லில் விளக்கலாம். ‘மூளைச்சாவு’ என்றதும், “மூளைதானே போச்சு, உயிர் இருக்குல்ல?” என்றுதான் கேட்கிறார்கள்.

சேர்க்க வேண்டியது: கருவியில் இணைத்திருக்கும்போது இதயத்துடிப்பின் அதிர்வே அதை இயக்கிவிடலாம், திரையில் தெரிவதை மூச்சென்று எண்ணக்கூடாது. கழற்றியபின் கை உயர்ந்தாலும் அது தண்டுவட அனிச்சைச் செயல், மூச்சன்று.

> மூச்செழல் சோதனை

ஏற்கிறேன். பதிவு இப்படி:

மூச்செழல் சோதனை (பெ.): கார்பன் டை ஆக்சைடு தூண்டியும் மூச்சு தானாக எழுகிறதா என்று காணும் சோதனை. 1994-ஆம் ஆண்டு மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படியான மூளைத்தண்டு இறப்புச் சான்றுக்கு, நால்வர் கொண்ட மருத்துவர் குழு குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இருமுறை செய்வது. முடிவு: ‘எழுந்தது’ / ‘எழவில்லை’. இரத்த அழுத்தமோ ஆக்சிஜனோ சரிந்து இடையில் நிறுத்தினால்: ‘முடிவுறவில்லை’.